கட்டத்துக்குள் ஒரு மூன்று

எங்கள் யார்டில் ஒரு பெட்டி ஏழு மாதம் காலியாகக் கிடந்தது. பெட்டி என்றால் கண்டெய்னர். திருவொற்றியூரில் யாரும் அதை முழுப் பெயர் சொல்லி அழைத்துப் பொழுதை வீணாக்குவதில்லை. காய்ந்த ரத்தத்தின் நிறம். இரண்டு பக்கச் சுவர்களிலும் ஓட்டைக்கு ஒட்டுத் தகடு வைத்ததில் அங்கே இருந்த எண்கள் தகட்டுக்கு அடியில் போய்விட்டன. மிச்சம் இருந்தது கதவில் மட்டும்தான். கப்பல் கம்பெனியின் நான்கு ஆங்கில எழுத்து, பிறகு 739391, பிறகு ஒரு சின்னக் கட்டம் போட்டு, அதற்குள் தனியாக ஒரு 3.

நான் அந்த யார்டின் வாசல் குமாஸ்தா. உள்ளே வரும் பெட்டியின் எண்ணை எழுதுவேன். வெளியே போகும் பெட்டியின் எண்ணை எழுதுவேன். வந்ததே போகிறது என்பதற்கு நான் சாட்சி. இருபது வருடத்துக்கு மேல் இதைச் செய்த ஒருவன் பைத்தியமாகிவிட வேண்டும், அல்லது எண்களோடு பேச ஆரம்பித்துவிட வேண்டும். இரண்டும் வேறு வேறு என்பதை என் மனைவி இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

நான் பேச ஆரம்பித்தேன். முக்கியமாகப் பகா எண்களோடு. பகு என்றால் பிரி, பங்கு போடு. பகா என்றால் பிரியாத, பங்குக்கு வர மறுக்கிற. ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுபடாத எண். இவ்வளவு பிடிவாதமான ஒரு சொல்லைப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, அப்புறம் அவர்கள் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை என்று வருத்தப்படுகிறார்கள்.

ஏழு மாதம் எதிரிலேயே நின்ற பெட்டியை எத்தனை நாள்தான் சும்மா பார்த்துக்கொண்டிருப்பது? 7393913. கடைசி இலக்கம் ஒற்றைப்படை, ஐந்தும் இல்லை. இலக்கங்களைக் கூட்டினால் முப்பத்தைந்து, மூன்றால் வகுபடாது. ஏழால் வகுத்தேன், இரண்டு மிச்சம். பதினொன்றால் வகுத்தேன், பத்து மிச்சம். பதிமூன்றுக்கு ஏழு மிச்சம். எனக்கு ஆசை வந்துவிட்டது. ஒரு எண் பகா எண்ணா என்று பார்க்க, அதன் வர்க்கமூலம் வரைக்கும் உள்ள பகா எண்கள் ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்த்தால் போதும். இதற்கு 2719 வரை போக வேண்டும். அதுவரை மொத்தம் முன்னூற்றுத் தொண்ணூற்றேழு பகா எண்கள். பழைய கேட் பாஸ்களின் பின்பக்கம் வகுத்தேன். வண்டி வராத இடைவெளிகளில் வகுத்தேன். இரண்டு மாதம் ஆயிற்று.

ஃபோனில் தட்டியிருந்தால் ஒரு நொடியில் சொல்லியிருக்கும். ஆனால் ஃபோனுக்கு அந்தப் பெட்டியைத் தெரியாது.

கடைசி வகுத்தலும் மிச்சம் வைத்த அன்று, வெற்றி பெற்றவனாக வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். மனைவி அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"எதாலயும் ஆவாதுன்னு தெர்ஞ்சிக்கவா ரெண்டு மாசம்?" என்றாள். "அத்த நான் உன்ன கட்டிகினு வந்த மொத வாரமே கண்டுபுட்ச்சேன்."

ஆனால் அந்த எண்ணிடம் இன்னொரு குணம் இருந்தது. அதை எனக்குக் காட்டிக்கொடுத்தது துரு. எங்கள் ஊரில் கடல் பக்கமிருந்து உப்புக் காற்றும், அத்திப்பட்டு அனல்மின் நிலையப் பக்கமிருந்து நிலக்கரிச் சாம்பலும் முறை வைத்து வரும். இரண்டுக்கும் பெயிண்ட் பிடிக்காது. கட்டத்துக்குள் இருந்த 3 முதலில் வெளிறியது, பிறகு ஓரத்தில் செதில் செதிலாகத் தூக்கிக்கொண்டது. அது உதிர்ந்தால் என்ன மிஞ்சும் என்று யோசித்தேன். 739391. வகுத்துப் பார்த்தேன், அதுவும் பகா எண். அந்த 1-உம் போனால் 73939. அதுவும் பகா. 7393, பகா. 739, பகா. 73, பகா. 7, பகா. வலது பக்கமிருந்து துரு எத்தனை இலக்கத்தைத் தின்றாலும் மிஞ்சியது மசியாது. கை போனாலும் கால் போனாலும் கடைசி எலும்பு வரைக்கும் அதே திமிர். வலப்பக்கம் இன்னொரு 3 சேர்த்தால் 73939133, அதுவும் பகா எண்தான். அதற்கு மேல் எந்த இலக்கத்தைச் சேர்த்தாலும் உடைந்துவிடும். வம்சம் அதோடு முற்றும்.

இதைப் பெரிய எண் என்று நான் சொல்வதைக் கணிதம் படித்தவர்கள் கேட்டால் சிரிப்பார்கள். அவர்கள் கண்டுபிடித்து வைத்திருக்கும் பகா எண்ணில் கோடிக்கணக்கில் இலக்கங்கள். கண்டெய்னர் கதவில் எழுதும் அளவுக்கு அதை எழுத ஆரம்பித்தால், ராயபுரத்தில் புறப்பட்டு இமயமலையைத் தாண்டியும் முடியாது. இருக்கட்டும். எழுபத்துமூன்று லட்சத்துச் சொச்சம் என் சம்பளத்துக்குப் பெரிய எண்தான்.

இப்படி இருக்கும்போது பாய் வந்தார்.

பழைய வண்ணாரப்பேட்டையில் நைட்டி தைத்து விற்கிறவர். இருபது வருடமாக மலேசியாவுக்குச் சரக்கு அனுப்புகிறார். ஆனால் எப்போதும் யாராவது ஒரு பெரிய ஆளின் பெட்டியில் ஒரு மூலை. மேலே எவர்சில்வர் குடம், பக்கத்தில் அப்பளக்கட்டு, நடுவில் நசுங்கியபடி பாயின் நைட்டி. பெட்டி யார் பெயரில் போகிறதோ அவர் சொல்கிற நாளில்தான் போகும். இந்த முறை அக்கரையில் கடை வைத்திருக்கும் ஒருவர், தீபாவளிக்கு ஒரு முழுப் பெட்டி கேட்டிருந்தார். ஒரு நிபந்தனையோடு. விஜயதசமி அன்றோடு துறைமுகம் பெட்டி வாங்குவதை நிறுத்தும் கப்பலில் சரக்கு ஏறினால் எடுத்துக்கொள்வார், அடுத்த கப்பல் என்றால் வேண்டாம். தீபாவளி முடிந்து வரும் பூப்போட்ட நைட்டியை யார் தொடுவார்கள்?

ஆக, முதல்முறையாகப் பாய் தன் பெயரில் ஒரு முழுப் பெட்டி அனுப்பப்போகிறார். எந்தக் காலிப் பெட்டியைக் கொடுப்பது என்பது என் கையில் இருந்தது. நான் என் பெட்டியைக் கொடுத்தேன். அது நான் அவருக்குச் செய்த மரியாதை. அதன் பெருமையை அவரிடம் சொல்லவும் செய்தேன்.

"பகா எண்ணா? பகான்னா இன்னா நைனா?"

"யாரும் பங்கு போட முடியாது பாய். ஒண்ணு முழுசா நிக்கும், இல்ல தனக்குத் தானே நிக்கும். நடுவுல எவனும் வர முடியாது."

பாய் தாடியைத் தடவிக்கொண்டு அந்தக் கதவை நிமிர்ந்து பார்த்தார். கண்ணில் ஏதோ ஓடியது.

"பங்காளி இல்லாத நம்பரு," என்றார். "குடு. அத்தயே குடு."

பெட்டி நல்ல பெட்டியா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. உள்ளே போய் நின்று, கதவை வெளியிலிருந்து மூடச் சொல்ல வேண்டும். எங்காவது ஊசி முனை அளவு வெளிச்சம் தெரிந்தால் மழை உள்ளே வரும். பாயும் நானும் உள்ளே நின்றோம். கதவு மூடியது. கும்மிருட்டு. ஒரு பக்கத்திலிருந்தும் எதுவும் உள்ளே வரவில்லை. முன்னூற்றுத் தொண்ணூற்றேழு பேர் தட்டியும் திறக்காத கதவு என்று நான் நினைத்துக்கொண்டேன்.

"வேர்க்குது, தொற நைனா," என்றார் பாய்.

ஆயுதபூஜைக்கு முதல் நாள் சரக்கு ஏறிற்று, சீல் வைத்தாயிற்று. பூஜை அன்று வண்டிகள் ஓடாது. மறுநாள் விஜயதசமி. துறைமுகக் கேட் அந்தக் கப்பலுக்கு மாலை நான்கு மணிவரை பெட்டி வாங்கும். காலை பதினொன்றுக்கு டிரெய்லர் வந்தது. வாழைக்கன்று, மாவிலை, பம்பரில் எலுமிச்சம்பழம், கண்ணாடியில் சந்தனப் பட்டை. ஒரு கல்யாண வீடு பின்னோக்கி வருவதுபோல வந்தது.

ஓட்டி வந்தவர் வியாசர்பாடிக்காரர், என் வயது. பதினைந்து வருடமாக நான் அவரை மாமு என்கிறேன், அவர் என்னை மாமு என்கிறார். மருமகன் யார் என்பது இன்னும் முடிவாகவில்லை. அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த எண்ணைக் கண்டாலும் கூட்டிவிடுவார். பஸ் நம்பர், கதவு நம்பர், ரேஷன் அட்டை. அவருடைய டிரெய்லரின் எண் ஒன்பது வரும். அதற்காகவே அந்த வண்டியில் வேலைக்குச் சேர்ந்ததாகச் சொல்வார்.

கிரேன் பெட்டியைத் தூக்கியதும், அண்ணாந்து கதவைப் பார்த்தார். உதடு அசைந்தது. அசைவு நின்றது.

"மாமு, இன்னா பொட்டி இது?"

"நல்ல பொட்டி தானே."

"கூட்டிப் பாத்தியா? முப்பத்தஞ்சி. மூணும் அஞ்சும் இன்னா?"

"எட்டு."

"எட்டு! எவ்ளோ சாதாரணமா சொல்றான் பாரு. நேத்து தான் பூஜ போட்டு, பூசணிக்கா ஒடச்சி, இன்னிக்கு எலுமிச்சம்பயத்து மேல ஏத்தி எடுத்துகினு வரேன். வர்சத்துக்கு மொத லோடு. மொத லோடே சனியனா? எறக்கு."

பாய் பொரிப் பொட்டலத்தைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார், அந்த டிரைவரே அப்போதுதான் கொடுத்தது. "நைனா, அது என் பொட்டி பா," என்றார் மெதுவாக.

"பாய், உன்ன சொல்லல. உன் நைட்டிய சொல்லல. நம்பர சொல்றேன். வேற வண்டில போட்டுக்கோ."

வேறு வண்டி இல்லை. பாதிப் பேர் ஊருக்குப் போயிருந்தார்கள். மீதிப் பேர் பொரி தின்றுகொண்டு ஃபோனை எடுக்காமல் இருந்தார்கள். பாய் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் குற்றச்சாட்டு இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நான் கணக்கைக் கையிலெடுத்தேன்.

"மாமு, இது பகா எண். எதாலயும் ஒடையாது. உன் ஒம்போது இருக்குதே, கூட்டினா ஒம்போது வர எந்த நம்பரும் ஒம்போதால ஒடைஞ்சிடும். மூணு, ஆறு வந்தாலும் மூணால ஒடையும். மூணுன்ற ஒரே நம்பரத் தவிர எந்தப் பகா எண்ணுக்கும் மூணு, ஆறு, ஒம்போது கூட்டுத்தொகையா வராது. நீ ராசின்னு தேடுறதெல்லாம் ஒடையற சாதி."

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார்.

"ஒடைஞ்சா நல்லது தானே மாமு? தேங்கா ஒடையல, பூசணிக்கா ஒடையல? சாமிக்கு ஒடச்ச தேங்கா ஒடையலன்னா அது தான் அபசகுனம். நீ இன்னா, ஒடையாத தேங்காய என் வண்டில ஏத்தி நல்ல தேங்கான்ற?"

இதற்குக் கணிதத்தில் பதில் இருக்கிறதா என்று இன்றைக்கும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

மொழியைக் கையிலெடுத்தேன். "எண்ணுன்னாலே தமிழ்ல எட்டுதான். எண்பது, எண்ணூறு, எண்திசை. நீ டெய்லி ஓட்டுற ரோடே எண்ணூர் ரோடு."

"அதான் பதினஞ்சி வர்சமா உருப்படாம கீறேன்."

பாய் சிரித்துவிட்டார். சிரித்ததற்காக உடனே வருத்தப்பட்டார். மணி பன்னிரண்டு ஆகியிருந்தது. அப்போதுதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். கெட்டிக்காரத்தனம் என்று அப்போது நினைத்தேன்.

"மாமு, அந்த மூணு ஏன் கட்டத்துக்குள்ள இருக்குன்னு தெரியுமா?"

"ஏன்?"

"அது நம்பரே இல்ல. காவக்காரன். நம்பர் முன்னாடி இருக்கிற ஆறுதான். அத யாராவது தப்பா எழுதிட்டா காட்டிக்குடுக்க ஒரு ஆள நிக்க வெச்சிருக்காங்க. வூட்டு ஆளுங்கள எண்ணும்போது வாட்ச்மேனயும் சேத்தா எண்ணுவ?"

இதில் பொய் இல்லை. எழுத்துகளுக்கு ஒரு மதிப்பு உண்டு. எழுத்தையும் இலக்கத்தையும் ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு என்று இரட்டித்துக்கொண்டே போகும் எண்களால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, பதினொன்றால் வகுத்தால் வரும் மீதிதான் கட்டத்துக்குள் உட்காரும். ஏன் பதினொன்று? அதுவும் பகா எண். எங்கே ஒரு இலக்கம் பிசகினாலும் மீதி மாறிப்போகும், மறைக்க முடியாது. பத்தால் வகுத்தால் பாதித் தப்புகள் சந்து வழியாகத் தப்பிவிடும். இத்தனையும் எனக்குத் தெரியும். ஆனால் காவலாளி இல்லாமல் வீட்டுக்குள் யாரும் நுழைய முடியாது என்கிற மீதியை நான் அவரிடம் சொல்லவில்லை. வகுத்துவிட்டு மீதியை விட்டுவிட்டேன்.

அவர் மறுபடி கூட்டினார். "ஏழு, பத்து, பத்தொம்பது, இருபத்திரண்டு, முப்பத்தொண்ணு, முப்பத்திரண்டு. அஞ்சி! புதன். யாவாரத்துக்கு சோக்கா கீதே! இத்த மொதல்ல சொல்றதுக்கு இன்னா?"

பன்னிரண்டரைக்கு வண்டி புறப்பட்டது. வாழைக்கன்று தலையாட்டிக்கொண்டே போயிற்று. வாசலில் அந்த எண்ணைக் கடைசி முறையாக எழுதினேன். ஏழு மாதத்து நட்பு. பாய் என் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, பொரியில் கடலையை மட்டும் பொறுக்கித் தின்றார். பெட்டி உள்ளே போனது என்று செய்தி வரும்வரை நகரமாட்டேன் என்றார்.

இரண்டே காலுக்கு என் ஃபோன் அடித்தது.

"மாமு, உன் காவக்காரன் இல்லாம உள்ள வுட மாட்டேன்றாங்க."

"காவக்காரன் எங்க போனான்?"

ஹாரன் சத்தத்துக்கு மேல் கத்தினார். "கல்மண்டபம் தாண்டி நிறுத்தி, அவன் மேல சந்தனம் வெச்சேன். நம்பர்ல சேராதவன் இன்னாத்துக்கு எல்லார் கண்ணுலயும் படணும்? அளவா, கட்டம் மறையற மாதிரி, நடுவுல குங்குமம் வெச்சி, சோக்கா தான் இருந்திச்சி. கேட்டுல கேமரா ஆறு நம்பர் தான் கீது, ஏழாவது எங்கன்னு கேக்குது. தொடைங்கன்னாங்க. தொடச்சேன்."

"அப்புறம் என்ன?"

"பொட்டோட சேந்து பொட்டு வெச்ச எடமும் வந்துட்ச்சி மாமு."

துரு செதிலாகத் தூக்கி வைத்திருந்ததை ஈரத்துணி முடித்துவைத்திருக்கிறது. நான் பல மாதம் ரசித்துக் காத்திருந்த கணித அழகு, சரியாகத் தவறான ஒரு மத்தியானத்தில் நடந்தேறியது. 739391. அதுவும் பகா எண்தான். கேமராவுக்கு அதில் ஆர்வம் இல்லை.

பாயின் ஸ்கூட்டரில் ஏறினோம். வழியில் அவர் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார். "உதிர்ற நம்பருன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா நைனா?" காற்றில் கேட்காததுபோல இருந்துகொண்டேன். காசிமேட்டு மீன் வாடை வந்து முகத்தில் அறைந்தது. விடுமுறை என்பதால் வரிசை குறைவு. வருடத்தில் மற்ற நாட்களில் இந்தச் சாலையில் பெட்டிகள் வேர் விட்டு நிற்கும்.

கேட்டில் கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு அம்மாள் இருந்தார். கம்ப்யூட்டருக்கும் பொட்டு வைத்திருந்தார்கள். திரையில் படாமல், ஓரமாக. விவரம் தெரிந்தவர்கள்.

"பேப்பர்ல மூணு இருக்கு சார், பெட்டியில இல்லை," என்றார். "ரெண்டும் ஒண்ணா இருந்தாத்தான் கேமரா விடும்."

"நீங்க கையால அடிச்சிட முடியாதா மேடம்?"

"அடிச்சா மேலதிகாரி கையெழுத்துப் போடணும். அவர் பேத்திக்கு இன்னிக்கு எழுத்தறிவிக்கிறாங்கன்னு லீவு. ஏழாவது எண்ணை நீங்களே எழுதிடுங்க, எனக்கு ஆட்சேபணை இல்லை. கேமரா படிக்கிற மாதிரி பட்டையா இருக்கணும். மூணேகால் ஆகுது."

பாய் சட்டைப்பையிலிருந்து மார்க்கரை எடுத்தார். துருவின் மேல் அது ஓடவே இல்லை. கதவின் கம்பியைப் பிடித்து நான் ஏறி, சாக்பீஸால் எழுதினேன். கேமரா அதைச் சுண்ணாம்புக் கறை என்று நினைத்ததோ என்னவோ, கம்பத்தில் சிவப்பு விளக்கு. பெயிண்ட் வாங்கக் கடை திறந்திருக்காது. பின்னால் வந்த இரண்டு டிரெய்லர்கள் ஹாரன் அடித்தன. ஒருவன் தலையை நீட்டி, "இன்னா மாமு, பொட்டிக்கு வளைகாப்பா?" என்றான்.

டிரைவரின் கேபினில், சாமி படத்துக்குக் கீழே ஒரு கிண்ணத்தில் சந்தனம் மிச்சமிருந்தது. மூன்று பேரும் ஒரே நேரத்தில் அதைப் பார்த்தோம்.

"குடு, நான் எழுதுறேன்," என்றேன்.

"பூஜ சந்தனம் மாமு. நான் தான் தொடணும்." கிண்ணத்தை எடுத்துக்கொண்டார். ஏறவில்லை. கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். உதடு அசைந்தது.

"மாமு, ஒண்ணு கேப்பேன், கோச்சிக்கக் கூடாது. மூணு தான் போடணுமா? நாலு போட்டா முப்பத்தாறு. ஒம்போது வருது. ஒரு கோடு தானே வித்தியாசம்?"

சரியான கணக்கு. நான் இரண்டு மாதம் வகுத்ததில் இது என் மூளைக்கு எட்டவில்லை. 7393914. ஒன்பது வரும், ராசியாக வரும், முதல் அடியிலேயே இரண்டாகப் பிளக்கும்.

"ஆவாது மாமு. அந்தக் கட்டத்துல என்ன வரணும்னு நாம முடிவு பண்ண முடியாது. முன்னாடி இருக்கிற பத்து பேரும் சேந்து முடிவு பண்ணிட்டாங்க. கூட்டிப் பெருக்கி பதினொண்ணால வகுத்தா மூணு. அதுதான் விதி."

கணக்கு விதியைத்தான் சொன்னேன். அவர் காதில் இன்னொன்று விழுந்தது. தலையை மெல்ல ஆட்டினார்.

"வெதின்னா சரி. என் கட்டமே சரியில்ல மாமு," என்றார். "அதுல இந்தக் கட்டம் வேற."

திரும்பிப் பாயைப் பார்த்தார். பாய் கேட் ஓரத்துக் கல்லில் உட்கார்ந்து, தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி மடியில் வைத்து அதன் விளிம்பை நீவிக்கொண்டிருந்தார். உள்ளே, கிரேன்களுக்குப் பின்னால், கப்பலின் மேல்தளம் வெள்ளையாகத் தெரிந்தது. இருபது வருடம் அடுத்தவர் பெட்டியில் மூலையில் நசுங்கி வந்தவரின் முழுப் பெட்டி, ஒரு விரல் சந்தனத்துக்குக் காத்து நின்றது.

டிரைவர் செருப்பைக் கழற்றினார். கம்பியைப் பிடித்து ஏறினார். வலதுகை ஆள்காட்டி விரலைச் சந்தனத்தில் தோய்த்து, நாக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு, மிக மெதுவாக எழுதினார். அன்றைக்கு ஊரெல்லாம் குழந்தைகள் பரப்பிய அரிசியில் விரலால் முதல் எழுத்து எழுதிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு விரலைப் பிடித்துக்கொள்ள ஆள் இருந்தது.

வண்டியைப் பின்னால் எடுத்து மறுபடி கேமராவின் கீழே கொண்டுவந்தார். சிவப்பு.

கூண்டுக்குள்ளிருந்து அந்த அம்மாள் திரையை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "எட்டுன்னு படிக்குது சார். எட்டு பொருந்தலைன்னு அதுவே திருப்பி அனுப்புது."

அவர் எழுதிய மூன்றின் இரண்டு வளைவுகளும் பயத்தில் உருண்டு, இடதுபக்கம் வழிந்து ஒட்டிக்கொண்டிருந்தன. டிரைவர் கேபினிலிருந்தே கையை உதறினார்.

"பாத்தியா? பாத்தியா மாமு? நீ இன்னா சொன்ன, அது கூட்டினா தான் வரும்ன. இப்ப நேராவே வந்து குந்திகினு கீது!"

"மாமு, பதினொண்ணு அதத் தொரத்திட்ச்சி. எட்ட ஏத்துக்க மாட்டேன்னு கம்ப்யூட்டரே சொல்லுது, கேட்டியா?"

அவர் கேபின் ஜன்னலில் தலையை நீட்டினார். "கம்ப்யூட்டருக்கும் எட்டு ஆவாதா?"

"இந்தப் பொட்டில ஆவாது."

அந்த ஒரு வாக்கியம், நான் அன்றைக்குச் சொன்ன அத்தனை கணிதத்தையும்விட வேலை செய்தது. இறங்கினார், ஏறினார். வேட்டி முனையை விரலில் சுற்றி, எட்டின் இடதுபக்கத்தை மேலே ஒரு முறை, கீழே ஒரு முறை துடைத்தார். இரண்டு கதவு திறந்த மாதிரி இருந்தது. எட்டு வாயைத் திறந்தால் மூன்று. இத்தனை வருடம் எழுதியும் நான் அதைக் கவனித்ததில்லை.

மணி நான்காகப் பத்து நிமிடம். டிரெய்லர் கேமராவின் கீழே ஊர்ந்தது. காய்ந்த ரத்த நிறத்தின் மேல் மஞ்சளாக ஒரு 3, ஓரத்தில் இன்னும் ஈரம். நான் மனசுக்குள் அந்த எண்ணை வாசித்தேன். வாசித்து முடிப்பதற்குள் விளக்கு பச்சையாகிக் குறுக்குக் கம்பம் மேலே போயிற்று.

பாய் தொப்பியைப் போட்டுக்கொண்டு எழுந்து ஓடிப்போய் கேபினுக்குக் கீழே நின்றார். டிரைவரின் சந்தனக் கையைப் பிடித்துக்கொண்டார். சந்தோஷத்தில் மனிதர்கள் என்ன கேட்பது என்று தெரியாமல் எதையாவது கேட்பார்களே, அப்படிக் கேட்டார்.

"இப்ப கூட்டினா எத்தினி வருது நைனா?"

டிரைவர் கியரைப் போட்டார்.

"கூட்டாத பாய்," என்றார். "போவட்டும்."